எக்ஸ்சேஞ்ச் சர்வரிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு: 20 பேர் அலுவலகம் மாறுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். 20 மெயில்பாக்ஸ், சொந்த டொமைன். ஓரத்து அறையில் ஒரு பழைய விண்டோஸ் சர்வரில் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2016 ஓடுகிறது. அதைப் போட்டுக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. புதிய லைசென்ஸ் வாங்க ஓனருக்கு மனமில்லை. தலைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டவும் யோசிக்கிறார். "லினக்ஸில் இலவசமாகவே மெயில் சர்வர் போடலாமாமே, போடலாமா? எது நல்லது? பழைய மெயில் எல்லாம் வந்துவிடுமா? பழைய சர்வரை என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். பழைய மெயிலும் வந்துவிடும். மென்பொருளை நிறுவுவது ஒரு மதியப் பொழுது வேலை. உங்கள் சர்வர் அனுப்பும் மெயிலை ஜிமெயிலும், ஹாம்பர்க்கில் இருக்கிற பையரின் (உங்களிடம் சரக்கு வாங்குபவரின்) சர்வரும் நம்பி இன்பாக்ஸில் போட வேண்டுமே, அதற்குத்தான் மெனக்கெட வேண்டும். அடுத்தது, 20 பேரின் ஃபோல்டர்களையும் பழக்கங்களையும் சேதாரமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பதிலில் பெரும்பகுதி இந்த இரண்டைப் பற்றியே இருக்கும்.

முதலில் அவசரத்தைப் பற்றி. எக்ஸ்சேஞ்ச் 2016-க்கும் 2019-க்கும் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவை முடித்துக்கொண்டது. அடுத்து வந்த பதிப்பு சந்தா முறையில்தான் கிடைக்கிறது. திருத்தம் போடாத எக்ஸ்சேஞ்சை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை 2021 மார்ச்சில் பார்த்தோம். சில வாரங்களுக்குள் உலகம் முழுக்கப் பல்லாயிரம் சர்வர்களுக்குள் புகுந்து பின்கதவு வைத்துவிட்டுப் போனார்கள். அடிபட்டவற்றில் சிறிய அலுவலகங்கள் ஏராளம். அதனால் மாறுவது மெதுவாக நடக்கட்டும், ஒரு வேலையை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். அந்தச் சர்வரின் வெப்மெயிலை வெளியிலிருந்து யாரும் தொட முடியாதபடி ஃபயர்வாலில் அடையுங்கள். மெயில் வந்து சேரும் 25-ஆம் போர்ட் மட்டும் திறந்திருந்தால் போதும். வெளியே சுற்றுபவர்கள் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக உள்ளே வரட்டும்.

கட்டற்ற மென்பொருளில் அலுவலக மெயில் தாங்குமா என்று ஓனர் கேட்டால் ஜெர்மனியைக் காட்டலாம். ஹாம்பர்க்கை ஒட்டியுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025 அக்டோபரில் 40,000-க்கும் மேற்பட்ட மெயில்பாக்ஸ்களை எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற கட்டற்ற மெயில் தொகுப்புக்கும், அவுட்லுக்கிலிருந்து மெயில் படிக்கும் கட்டற்ற மென்பொருளான தண்டர்பேர்டுக்கும் மாற்றி முடித்தது. உங்களுக்கு 20 தான். ஆனால் அவர்களிடம் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், உங்களிடம் இல்லை. இதை ஓனரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. லைசென்ஸ் பணம் மிச்சமாகும், ஆனால் அதில் ஒரு பங்கு ஆளுக்குப் போகும். வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் லாக் பார்க்க, அப்டேட் போட, பேக்கப் சரியாக ஓடியதா என்று பார்க்க, லினக்ஸ் தெரிந்த ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். அவர் லீவில் போனால் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஆள் கிடையாது என்றால் சர்வரை நீங்களே நடத்தாதீர்கள். இதே கட்டற்ற மென்பொருள்களை வைத்து மெயில் சேவை நடத்தும் ஒருவரிடம் கொடுங்கள். மெயில் ஐமேப்பில் (எந்த மென்பொருளும் சர்வரிலுள்ள மெயிலைப் படிக்க உதவும் பொது நெறிமுறை) இருக்கும்வரை நாளைக்கே பிடிக்கவில்லை என்றாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறிடம் போகலாம்.

சரி, ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதைப் போடுவது?

எக்ஸ்சேஞ்ச் தனியாகச் செய்ததை இங்கே நான்கைந்து மென்பொருள்கள் சேர்ந்து செய்யும். மெயிலை வாங்கி, அனுப்பி, வரிசையில் வைத்திருப்பது போஸ்ட்ஃபிக்ஸ். ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது வீட்சே வெனமா எழுதி, 1998-இல் வெளியான மென்பொருள். பாதுகாப்பை முதலில் வைத்து வடிவமைத்ததால் இத்தனை ஆண்டுகளாக நல்ல பெயரோடு ஓடுகிறது. மெயில்பாக்ஸை வைத்துக் காப்பதும், அவுட்லுக்கோ போனோ கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதும் டவ்காட். ஸ்பேம் வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. பிரவுசரில் பார்க்க ரவுண்ட்கியூப் அல்லது சோகோ. இவற்றை டெபியன் என்ற லினக்ஸில் தனித்தனியாக நிறுவிக் கையால் கோக்கலாம். அல்லது எல்லாவற்றையும் டாக்கரில் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் வசதி) கட்டித் தரும் மெயில்கவ் போன்ற தொகுப்பை எடுக்கலாம்.

உங்கள் அலுவலகத்துக்கு நான் மெயில்கவ்தான் சொல்வேன். காரணம் காலண்டர். ஷிப்மென்ட் தேதி, இன்ஸ்பெக்ஷன் தேதி எல்லாம் அவுட்லுக் காலண்டரில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். மெயில்கவ்வில் வரும் சோகோ காலண்டரும் முகவரிப் புத்தகமும் சேர்த்தே தருகிறது. போன்கள் எக்ஸ்சேஞ்சோடு பேசிய அதே ஆக்டிவ்சிங்க் நெறிமுறை வழியாகவே அதோடு பேசும். ஆனால் மெஷின் கொஞ்சம் பெரிதாக வேண்டும்: மெமரி குறைந்தது 6 ஜிபி. வைரஸ் பார்க்கும் கிளாம்ஏவி ஒன்றே ஒரு ஜிபிக்கு மேல் சாப்பிடும்.

கையால் கோத்துக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. டவ்காட் 2.4 பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. டெபியன் 13-இல் இருப்பது அதுதான். அதன் அமைப்புக் கோப்பு பழைய 2.3-ஓடு ஒத்துப்போகாது. மெயில் இருக்கும் இடத்தைக் குறிக்க ஒற்றை வரியாக இருந்தது இப்போது இரண்டு வரியாகப் பிரிந்திருக்கிறது. எந்தப் பதிப்புக்கான அமைப்பு என்று முதலிலேயே எழுதாவிட்டால் சர்வர் எழவே எழாது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை 2.3 காலத்தவை. அப்படியே ஒட்டிவிட்டு, நாம் என்ன தப்பு செய்தோம் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டாம். டவ்காட்டின் சொந்த ஆவணத்தைப் பாருங்கள்.

சர்வரை எங்கே வைப்பது என்பது அடுத்தது. அதே ஓரத்து அறையில் வைக்கலாம்; ஆனால் உங்கள் பிராட்பேண்ட் இணைப்பில் நிலையான ஐபி இருக்க வேண்டும், அந்த ஐபிக்குத் தலைகீழ் டிஎன்எஸ் பதிவை (டிஎன்எஸ் பெயரிலிருந்து ஐபியைச் சொல்லும்; இது ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) இணைப்பு தருபவர் போட்டுக்கொடுக்க வேண்டும். சாதாரண வீட்டு இணைப்பின் ஐபி என்றால் ஸ்பாம்ஹவுஸ் போன்ற ஸ்பேம் தடுப்புப் பட்டியல்களில் "இங்கிருந்து நேராக மெயில் வரக் கூடாது" என்று முன்பே குறித்திருப்பார்கள். கரன்ட் போகும், யுபிஎஸ் பேட்டரி சாகும், கோடையில் ஏசி நிற்கும். நான் வாடகை மெய்நிகர் சர்வர் பக்கம்தான் சாய்வேன். அதிலும் பெரிய கிளவுட் நிறுவனங்களில் பெரும்பாலானவை வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை இயல்பாகவே அடைத்து வைத்திருக்கின்றன. சில கேட்டால் திறந்துவிடும், சில திறக்காது. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: 25-ஆம் போர்ட் திறப்பீர்களா, தலைகீழ் டிஎன்எஸ் என் பெயரில் வைக்க முடியுமா? ஐபி கையில் வந்ததும் வேறெதையும் நிறுவுவதற்கு முன் அது ஏதாவது கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு முன் அந்த ஐபியை வைத்திருந்தவர் லாட்டரி மெயில் அனுப்பியவராக இருக்கலாம். இருந்தால் ஐபியை மாற்றிக் கேளுங்கள். சண்டை போட்டுப் பட்டியலிலிருந்து எடுப்பதைவிட அது சுலபம்.

இனி அந்த நம்பிக்கை விஷயம்.

மெயில் நெறிமுறை உருவான காலத்தில் யார் பெயரில் வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் ஒட்டுப்போட்ட மூன்று பதிவுகள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். மூன்றுமே உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் போடுகிற வெறும் எழுத்து வரிகள். எங்கள் பெயரில் அனுப்ப இந்த ஐபிகளுக்கு மட்டுமே உரிமை என்பது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் இடும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி டிகிம். இந்த இரண்டில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியில் தெரிகிற டொமைனோடு பொருந்தித் தேறாவிட்டால் மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதைக் கட்டாயமாக்கிவிட்டன: யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும், தலைகீழ் டிஎன்எஸ் சரியாக இருக்க வேண்டும்; ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் மூன்றுமே வேண்டும். நீங்கள் அவ்வளவு அனுப்பப்போவதில்லை. இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

எஸ்பிஎஃப்பில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்புவது மெயில் சர்வர் மட்டுமல்ல. டேலியிலிருந்து இன்வாய்ஸ் போகும், வெப்சைட்டின் தொடர்புப் படிவம் அனுப்பும், சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள் இருக்கும், ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து அனுப்பும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த வழியாக அனுப்புகிறது என்று பார்த்த பிறகே பதிவை இறுக்குங்கள். இன்னொன்று: எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடலுக்குத்தான் அனுமதி, அந்தச் சேவை இந்தச் சேவை என்று சேர்த்துக்கொண்டே போனால் மொத்தப் பதிவும் செல்லாமல் போய்விடும்.

டிமார்க்கை முதலில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வையுங்கள். சில வாரம் அறிக்கைகளைப் பாருங்கள். விட்டுப்போன ஜெராக்ஸ் மெஷின் அதில் மாட்டும். அதைச் சரிசெய்த பிறகு ஸ்பேமில் போடு, அப்புறம் நிராகரி என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஏற்றுமதி அலுவலகத்துக்கு இது அலங்காரம் இல்லை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியை இதில் போடுங்கள்" என்று உங்கள் பெயரில் பையருக்கு மெயில் போய் பணம் கைமாறும் மோசடி ஊரறிந்தது. டிமார்க் கடைசி நிலையில் இருந்தால், உங்கள் டொமைனையே போட்டு அனுப்பப்படும் போலியை அதை மதிக்கும் சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும். ஒரு எழுத்து மாற்றி வேறு டொமைன் வாங்கி அனுப்பினால் டிமார்க்கால் ஒன்றும் செய்ய முடியாது. கணக்கு எண் மாறினால் போன் போட்டு உறுதி செய்யாமல் பணம் போடக் கூடாது என்று பையரிடம் இப்போதே எழுத்தில் சொல்லி வைப்பதுதான் வழி.

இவ்வளவும் செய்த பிறகும் புது ஐபியிலிருந்து போகும் மெயிலை, குறிப்பாக மைக்ரோசாஃப்ட் பக்கம், சில நாள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் அதற்குப் பொறுமை கிடையாது என்றால், வெளியே போகும் மெயிலை மட்டும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவை வழியாக விடலாம். போஸ்ட்ஃபிக்ஸில் இது சில வரி வேலை. மெயில்பாக்ஸ் உங்களிடமே இருக்கும், வரும் மெயில் நேராக உங்களுக்கு வரும், அனுப்புவதற்கு மட்டும் இன்னொருவரின் நற்பெயரைப் பயன்படுத்திக்கொள்கிறீர்கள். கொள்கைப் பிடிப்புள்ள நண்பர்கள் இதைக் குறை சொல்வார்கள். மாதக் கடைசியில் டாக்குமென்ட் போய்ச் சேரவில்லை என்று பையர் கத்தும்போது அவர்கள் வந்து பதில் சொல்லப்போவதில்லை.

வரும் ஸ்பேமைப் பற்றி ஒன்றே ஒன்று. ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைப் போஸ்ட்ஃபிக்ஸில் நேராகச் சேர்க்கச் சொல்லிப் பல வழிகாட்டிகள் இருக்கின்றன. உங்கள் சர்வர் டிஎன்எஸ் கேள்விகளை கூகுளின் பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் பதில் தராது. "இந்த வழியாகக் கேட்காதே" என்று பொருள்படும் ஒரு பிழை எண்ணைத் திருப்பும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஏதோ பதில் வந்துவிட்டதே, அப்படியானால் பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வருகிற மெயிலை எல்லாம் திருப்பி அனுப்பும். அன்பவுண்ட் என்ற சின்ன டிஎன்எஸ் மென்பொருளை அதே சர்வரில் ஓடவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. மெயில்கவ்வில் அது கூடவே வருகிறது.

இப்போது பழைய மெயிலுக்கு வருவோம். இதற்கு ஐமேப்சிங்க் என்ற கருவி போதும். ஒரு பக்கம் பழைய சர்வர், மறுபக்கம் புதியது. ஒவ்வொரு ஃபோல்டராக நடந்து, அங்கே இல்லாததை மட்டும் நகலெடுக்கும். எத்தனை தடவை ஓட்டினாலும் இரட்டிப்பாகாது என்பதுதான் அதன் அழகு. எக்ஸ்சேஞ்சில் ஐமேப் சேவை இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். முன்னணி, பின்னணி என்று இரண்டு சேவைகள் உண்டு, இரண்டையும் ஓடவிடுங்கள். 20 பேரிடமும் பாஸ்வேர்ட் கேட்டு அலைய வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரு நிர்வாகிக் கணக்குக்கு எல்லா மெயில்பாக்ஸ் மீதும் முழு அனுமதி கொடுக்கலாம். டவ்காட்டில் அதே வேலைக்கு மாஸ்டர் யூசர் என்று ஒரு வசதி இருக்கிறது.

முதல் ஓட்டத்தை மாற்றும் நாளுக்கு வெகு முன்பே தொடங்குங்கள். மொத்தம் 200 ஜிபி இருக்கிறது, அலுவலக இணைப்பில் ஏற்றும் வேகம் 50 எம்பிபிஎஸ் என்றால் கணக்குப்படியே ஏறக்குறைய 9 மணி நேரம். ஐமேப் ஒவ்வொரு மெயிலாக எடுத்துப் போடுவதால் நிஜத்தில் அதற்கு மேல் ஆகும். ராத்திரியில் ஓட்டுங்கள், பகலில் நிறுத்துங்கள்.

ஃபோல்டர் பெயர்களில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் அனுப்பிய மெயில் "சென்ட் ஐட்டம்ஸ்" என்ற ஃபோல்டரில் இருக்கும். புதிய சர்வரில் அது வெறும் "சென்ட்". பொருத்திக் காட்டாமல் ஓட்டினால் இரண்டு ஃபோல்டர் வந்து நிற்கும். தானாகப் பொருத்தும் விருப்பத்தேர்வு ஐமேப்சிங்கில் இருக்கிறது. அடுத்தது நம் ஊர்ப் பிரச்சினை. மெர்ச்சண்டைசர்கள் பார்ட்டி பெயரில் ஃபோல்டர் வைத்திருப்பார்கள்: எஸ்.கே. நிட்டிங், ஆர்.எம். டையிங் என்று இனிஷியலோடு, புள்ளியோடு. டவ்காட்டின் வழக்கமான மெயில்டிர் அமைப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதைக் காட்டுவதே புள்ளிதான். ஆகவே புள்ளியுள்ள பெயர் ஒன்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக உடையும், இல்லையென்றால் வேறு எழுத்தாக மாறும். தப்பிக்க டவ்காட்டில் வழி இருக்கிறது. ஆனால் 20 பேர் அலுவலகத்தில் அதைவிட எளிது, மாற்றுவதற்கு முந்தைய வாரம் எல்லாரையும் ஃபோல்டர் பெயரிலிருந்து புள்ளியை எடுத்துவிடச் சொல்வது. தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் பயமில்லாமல் வரும். சர்வரின் டிஸ்கில் எட்டிப் பார்த்தால் மட்டும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியலாம். அது ஐமேப்பின் பழைய குறியாக்க முறை, கெட்டுப்போகவில்லை.

சர்வரில் இல்லாத மெயிலை மறந்துவிடாதீர்கள். இடம் போதவில்லை என்று 2014, 2015 மெயில்களை எல்லாம் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பாகத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள், பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் பிரிவில். ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பாருங்கள். ரீட்பிஎஸ்டி என்ற கருவியால் அவற்றைப் பிரித்து ஏற்றலாம். சின்னதாக இருந்தால் அவுட்லுக்கிலேயே திறந்து புதிய கணக்குக்கு இழுத்துப் போடலாம்.

காலண்டரும் முகவரிகளும் ஐமேப்பில் வராது. காலண்டரைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து சோகோவில் இறக்க வேண்டும், முகவரிகளும் அப்படியே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. "என் அட்ரஸ் புக் எங்கே?" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அட்ரஸ் புக்கே இருந்திருக்காது. இரண்டு எழுத்து அடித்ததும் அவுட்லுக் தானாகக் காட்டுமே, அந்தப் பட்டியலைத்தான் அவர்கள் அட்ரஸ் புக் என்று நினைத்திருப்பார்கள். புதிய கணக்கில் அது வெறுமையாக இருக்கும். அனுப்பிய மெயில்களிலிருந்து முகவரிகளைப் பொறுக்கி ஆளுக்கொரு பட்டியலாக முன்கூட்டியே ஏற்றி வைத்தால், மாறிய முதல் நாளில் வரும் புகாரில் பெரும்பகுதி குறையும்.

மாற்றும் நாளை சனிக்கிழமை சாயங்காலமாக வையுங்கள். சில நாள் முன்பே எம்எக்ஸ் பதிவின் (டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) ஆயுளை, அதாவது மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். 20 பேரையும் ஒரே அடியாக மாற்றுங்கள்; முதலில் நாலு பேரை வைத்துப் பார்ப்போம் என்ற ஆசை வரும், அது இங்கே சரிப்படாது. இந்த டொமைனின் மெயில் எல்லாம் தன்னிடமே இருக்கிறது என்பது எக்ஸ்சேஞ்சின் நினைப்பு. மாறிய நாலு பேருக்கு மாறாதவர்கள் எழுதும் மெயில் பழைய பெட்டியிலேயே விழும். எம்எக்ஸை மாற்றிய பிறகும் பழைய சர்வரை ஓடவிடுங்கள். பழைய விலாசத்தை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் சில அங்கேயே கொண்டுபோய்ப் போடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஐமேப்சிங்கை இன்னொரு தடவை ஓட்டினால் அவையும் வந்துவிடும். நடுவில் புதிய சர்வர் சில மணி நேரம் படுத்துவிட்டால் பதற வேண்டாம். அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் முயல்கிறது. இதனால்தான் சின்ன அலுவலகத்துக்கு இரண்டாவது எம்எக்ஸ் சர்வர் வேண்டாம் என்பது என் கட்சி.

திங்கட்கிழமை காலை அவுட்லுக் ஒரு கூத்து காட்டலாம். புதிய கணக்கைச் சேர்த்தால் கூட அது மறுபடி எக்ஸ்சேஞ்சிடமே போய் நிற்கும். ஆக்டிவ் டைரக்டரி என்ற விண்டோஸ் பயனர் பதிவேட்டில் "எக்ஸ்சேஞ்ச் இங்கே இருக்கிறது" என்று ஒரு குறிப்பு பதிவாகியிருக்கும்; அலுவலகத்தின் விண்டோஸ் டொமைனில் (இது மெயில் டொமைன் அல்ல, கம்ப்யூட்டர்களை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்த கம்ப்யூட்டர்களின் அவுட்லுக் அதை முதலில் பார்க்கும். எக்ஸ்சேஞ்ச் நிர்வாகக் கட்டளையில் அந்தத் தானியங்கிக் கண்டுபிடிப்பு முகவரியை முன்கூட்டியே வெறுமையாக்கி வையுங்கள்.

இன்னொரு அவுட்லுக் விஷயம் முக்கியம். விண்டோஸில் இப்போது "புதிய அவுட்லுக்" என்று ஒன்று வருகிறது. அதில் ஐமேப் கணக்கைச் சேர்த்தால் மெயிலை மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு ஒத்திசைத்து அதன் வழியாகவே காட்டுகிறது. நுழைவு விவரமும் அங்கேதான் போகிறது. சொந்த சர்வர் வைத்துவிட்டு இதைப் பயன்படுத்தினால் மெயிலின் நகல் மறுபடியும் அவர்களிடம்தான். தண்டர்பேர்ட் கொடுங்கள். போனுக்கும் தண்டர்பேர்ட் இருக்கிறது. கே-9 மெயில் என்று இருந்ததுதான் 2024-இல் ஆண்ட்ராய்டு தண்டர்பேர்டாகவும் ஆனது. அவுட்லுக்கை விடவே மாட்டேன் என்று மேனேஜர் ஒருவர் அடம்பிடித்தால் பழைய அவுட்லுக்கையே ஐமேப்பில் போட்டுக் கொடுங்கள். காலண்டருக்குக் கால்டாவ் சிங்க்ரனைசர் என்ற கட்டற்ற இணைப்பு உண்டு. அதற்காகச் சண்டை வேண்டாம்.

பெரிய அட்டாச்மென்ட் உங்கள் தொழிலில் அன்றாடம். கையால் நிறுவிய போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான வரம்பு ஏறக்குறைய 10 எம்பி. மெயிலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கும் என்பதால், 7 எம்பிக்குக் கொஞ்சம் மேலே போனாலே டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவமைப்பு விவரக் கோப்பு) திரும்பி வந்துவிடும். வரம்பை 30 எம்பிக்கு உயர்த்துங்கள்; அதற்கு மேல் போனால் எதிர்ப்பக்கம் வாங்காமல் போகலாம், ஜிமெயிலின் அனுப்பும் எல்லையே 25 எம்பி. பழைய ஜெராக்ஸ் மெஷின்களுக்குப் புதிய குறியாக்க முறைகள் தெரியாமல் சர்வரோடு பேச முடியாமல் போகலாம். அவற்றை மெயிலுக்கு அனுப்பவிடாமல் பகிர்வு ஃபோல்டரில் ஸ்கேன் போடச் சொல்லுங்கள். அதற்காக சர்வரின் பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள்.

"பையருக்கு மெயில் போகவே இல்லை" என்ற புகார் முதல் மாதம் முழுக்க வரும். அப்போது போஸ்ட்ஃபிக்ஸ் லாக்தான் உங்கள் சாட்சி. பெறுநர் முகவரியைத் தேடினால் ஒரு வரி கிடைக்கும்: எத்தனை மணிக்கு, எந்தச் சர்வரிடம் கொடுத்தோம், அது என்ன பதில் சொன்னது என்று. பதில் 250 என்று தொடங்கினால் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்; ஸ்பேம் ஃபோல்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 4 என்று தொடங்கும் எண் என்றால் தற்காலிகத் தடை, சர்வர் தானாக மறுபடி முயலும். 5 என்றால் மறுத்துவிட்டார்கள். காரணம் பெரும்பாலும் அதே வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எக்ஸ்சேஞ்சில் இதைத் தேடி எடுக்கத் தனிக் கட்டளை தெரிந்திருக்க வேண்டும். இங்கே அது சாதாரண எழுத்துக் கோப்பு.

பாதுகாப்பில் ஒன்றுக்கு மட்டும் அழுத்தம் கொடுப்பேன்: பலவீனமான பாஸ்வேர்ட். ஒரே ஒருவரின் பாஸ்வேர்ட் போனால் போதும், உங்கள் சர்வர் ராத்திரியோடு ராத்திரியாகப் பல்லாயிரம் ஸ்பேம் அனுப்பி, கஷ்டப்பட்டுச் சேர்த்த நற்பெயர் காலையில் இருக்காது. ஆளுக்கு மணிக்கு இத்தனை மெயில் என்று உச்சவரம்பு போடுங்கள். தப்புத் தப்பாக முயலும் ஐபிகளை அடைக்க ஃபெயில்2பேன் அல்லது மெயில்கவ்வின் சொந்த வசதி இருக்கிறது. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். கட்டற்றது என்பதால் ஓட்டை இருக்காது என்று அர்த்தமில்லை. 2025 ஜூனில் ரவுண்ட்கியூபில் திருத்திய ஒரு பெரிய ஓட்டை அதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே அதில் இருந்தது. சர்வரோடு நடக்கும் பேச்சைக் குறியாக்கப் பயன்படும் லெட்ஸ் என்க்ரிப்டின் இலவசச் சான்றிதழ் 90 நாளுக்கொரு முறை காலாவதியாகும். தானாகப் புதுப்பிக்கும், ஆனால் கையால் கோத்த அமைப்பில் புதுப்பித்த பிறகு போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் மறுபடி படிக்கச் சொல்லாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

பேக்கப் இங்கே சுலபம். மெயில்டிரில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனிக் கோப்பு. ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் கருவியை வைத்து தினமும் வேறொரு இடத்துக்கு அனுப்பலாம். மெயில்கவ் என்றால் அதன் பேக்கப் ஸ்கிரிப்டையும் ஓட்டுங்கள். மெயிலைக் குறியாக்கம் செய்தே டிஸ்கில் வைப்பதால் அந்தச் சாவியும் பேக்கப்பில் இல்லாவிட்டால் கோப்புகளைப் படிக்க முடியாது. மாதம் ஒருமுறை யாராவது ஒருவரின் ஒரு ஃபோல்டரைத் திருப்பி எடுத்துப் பாருங்கள்.

பழைய சர்வரை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதம் ஓடவிடுங்கள், வெளியிலிருந்து எந்த வழியும் இல்லாமல். பிறகு கடைசி முழு பேக்கப் எடுத்துவிட்டு, எக்ஸ்சேஞ்சை அதன் நீக்கும் முறைப்படி நீக்குங்கள். மெஷினை அப்படியே அணைத்துப் பரணில் போட்டால் ஆக்டிவ் டைரக்டரியில் அதன் மிச்சங்கள் இருந்துகொண்டே இருக்கும். அடுத்து அந்த விண்டோஸ் டொமைனைத் தொடுகிறவர் உங்களைத் திட்டுவார். அந்த மெஷினிலேயே பயனர் கணக்குகளும் பகிர்வு ஃபோல்டர்களும் இருக்கின்றனவா என்று நீக்குவதற்கு முன் பாருங்கள். இருந்தால் அவற்றை எங்கே கொண்டுபோவது என்பது தனிக் கதை, விவரம் சொன்னால் அதற்கும் எழுதுகிறேன்.